முன்களத்துக்குப் புதுப் பயிற்றுவிப்பாளர்: பந்து காலுக்கு வருமுன் பழக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் ஒரு கழகமோ பாடசாலையோ முன்கள வீரர்களுக்கென்று தனிப் பயிற்றுவிப்பாளரை எடுத்தால், அவரிடம் எல்லாரும் எதிர்பார்ப்பது கோல் அடிக்கப் பழக்குவதைத்தான். அவரும் முதல் நாளே பொடியளைப் பெனால்டிப் பெட்டி விளிம்பில் வரிசையாக நிறுத்தி, ஆளுக்குப் பத்துப் பந்து உதைக்க விடுவார். உதைப்பவர்களுக்கும் அது பிடிக்கும், வேலியோரம் நின்று பார்ப்பவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் ஆட்டத்தில் அந்த உதை உதைக்கும் இடத்துக்கு முன்கள வீரர் வந்து சேர்வதே அரிது. வந்த பந்து காலில் பட்டு இரண்டு மீற்றர் விலகி ஓடும். அல்லது கோலுக்கு முதுகைக் காட்டி எடுத்து, வந்த திசைக்கே திருப்பிக் கொடுப்பார். கோல் குறைவுக்குக் காரணம் உதையில் இருப்பதைவிடப் பந்தை எடுக்கும் விதத்தில்தான் கூட இருக்கிறது. ஆகவே புதிதாக வருபவர் தன் முதல் ஆறு கிழமையை, பந்து காலுக்கு வருவதற்கு முந்திய இரண்டு செக்கன்களுக்குக் கொடுக்க வேண்டும். எப்படி என்பதைக் கீழே பார்க்கலாம்.

தலைமைப் பயிற்றுவிப்பாளரோடு பேசி முடிக்க வேண்டியவை

மைதானத்தில் கோன் வைக்குமுன் மூன்று விடயங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது நேரம். 90 நிமிடப் பயிற்சியில் முன்கள வீரர்கள் உங்களோடு தனியாக நிற்பது 20 நிமிடம், கிழமைக்கு இரண்டு நாள் என்றால் போதும். அதற்கு மேல் பிரித்து எடுத்தால் அவர்கள் அணியின் ஆட்ட ஒழுங்கைப் பழகாமல் போவார்கள். இரண்டாவது, ஆட்டத்தின்போது கோட்டோரமிருந்து யார் குரல் கொடுப்பது. அது ஒருவர் மட்டுமே, அதுவும் தலைமைப் பயிற்றுவிப்பாளர். நீங்கள் சொல்ல வேண்டியது இடைவேளையிலும், மாற்று வீரராக வெளியே வந்தவரிடமும்தான். மூன்றாவது சொற்கள். ஒருவர் "உள்ளே வா" என்பதை மற்றவர் "இறங்கு" என்றால் வீரர் இரண்டையும் விட்டுவிடுவார். ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று இருவரும் முடிவு செய்யுங்கள்.

இந்தப் பேச்சு நடக்காமல் தொடங்கிய இடங்களில் மூன்றாம் கிழமையிலேயே அணி இரண்டாகப் பிரியும். முன்களம் "சேர் இப்படித்தான் சொன்னவர்" என்று ஒரு ஆட்டமும், மத்தியகளம் வேறொரு ஆட்டமும் ஆடும்.

முதல் ஆட்டம்: தாளும் பேனையும்

வந்த கிழமையில் எவரையும் திருத்த வேண்டாம். ஓர் ஆட்டத்தை முழுதாகப் பார்த்து எழுதுங்கள். பாதி ஆட்டத்துக்கு இரண்டு பேரை மட்டும் கவனித்தால் போதும், நான்கு பேரைப் பார்க்கப் போனால் ஒருவரும் சரியாகப் பதிவாகார். ஒவ்வொரு முறை பந்து அவரிடம் போகும்போதும் நான்கு குறி:

- பந்து வருமுன் பின்னால் திரும்பிப் பார்த்தாரா
- உடல் பக்கவாட்டில் நின்றதா, முதுகு கோலுக்கு நின்றதா
- முதல் தொடுகை எங்கே போனது: முன்னால், காலடியில், பின்னால், எதிரியிடம்
- அடுத்து நடந்தது: திரும்பினார், கொடுத்தார், இழந்தார், பவுல் கிடைத்தது

கைபேசியில் காணொளி எடுப்பது நல்லதுதான், ஆனால் கோட்டோரத்தில் நின்று எடுத்தால் பெரும்பாலும் பந்து மட்டுமே படத்தில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது பந்து இல்லாத நேரத்து முன்கள வீரர். கோலுக்குப் பின்னால், கொஞ்சம் உயரமான இடத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

தாளை வாசித்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு வியாதி தெரியும். ஒருவர் பார்ப்பதே இல்லை. இன்னொருவர் பார்க்கிறார், ஆனால் இடது தோளுக்கு மேலால் மட்டும். மற்றவர் எல்லாம் சரி, முதல் தொடுகை மட்டும் துள்ளும். பயிற்சியை இந்த வியாதிக்கு ஏற்பப் பிரிப்பதில்தான் தனிப் பயிற்றுவிப்பாளர் இருப்பதன் பயன் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே பயிற்சி என்றால் அதைத் தலைமைப் பயிற்றுவிப்பாளரே செய்வார்.

பந்து, நிலம், காற்று

இதைச் சொல்லாமல் தொடுகையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. ஐந்தாம் நம்பர் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், எடை 410 முதல் 450 கிராம், காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம் என்று ஆட்ட விதி சொல்கிறது. எங்கள் கழகங்களில் வழக்கம் பந்து கல்லுப்போல் ஆகும்வரை பம்மடிப்பது. இறுகிய நிலத்தில் அப்படிப்பட்ட பந்தை எவராலும் காலோடு நிறுத்த முடியாது. பழி வீரரின் காலில் விழும். பயிற்சிக்கு 9 பி.எஸ்.ஐ. அளவில் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் காட்டும் மானி ஒன்றை வாங்கி எல்லாப் பந்தையும் ஒரே அளவில் வைப்பது, புதுப் பயிற்றுவிப்பாளர் செய்யக்கூடிய மிகச் சுலபமான திருத்தம். ஆட்டத்துக்கு முதல் நாள் மட்டும் ஆட்டப் பந்தின் அழுத்தத்துக்கு ஏற்றிப் பழகுங்கள்.

நிலம் இடத்துக்கு இடம் மாறும். கரையோர மணல் மைதானத்தில் பந்து வழியிலேயே வேகம் இழந்து நிற்கும், ஆகவே காத்திருந்து எடுக்கப் பழகியவர் தோற்பார். பந்தை நோக்கி இரண்டு மூன்று எட்டு வைத்து வந்து எடுக்க வேண்டும். வலிகாமத்துச் செம்மண் காய்ந்து இறுகிய காலத்தில் பந்து கடைசி ஒரு மீற்றரில் எகிறும். அங்கே காலை நிலத்திலிருந்து சற்று உயர்த்தித் தளர்வாக வைத்திருக்க வேண்டும். 2016இல் புனரமைத்துத் திறந்த துரையப்பா விளையாட்டரங்கின் புல்லில் பந்து வழுக்கி வேகமாக வரும். மணலில் மாதக்கணக்காகப் பழகிய அணி அங்கே இறுதிப் போட்டி ஆடும்போது முன்கள வீரரின் காலைத் தாண்டிப் பந்து ஓடுவதற்குப் பதற்றம் மட்டும் காரணமல்ல. அப்படியான ஆட்டத்துக்கு முந்திய கிழமை, பந்து கொடுப்பவர்கள் வழக்கத்தைவிட வேகமாகக் கொடுக்க வேண்டும்.

சோழகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை, காற்றோடு மேலால் போடும் பந்து கோல்காப்பாளர் கைக்குப் போய்விடும். எதிர்க்காற்றில் அதே பந்து தொங்கி, வீரரின் தலைக்குப் பின்னால் விழும். நாணயச் சுழற்சி முடிந்ததும் எந்தப் பாதியில் காலுக்குப் பந்து கேட்பது, எந்தப் பாதியில் ஓட்டத்துக்குக் கேட்பது என்பதை முன்கள வீரர்களோடு தீர்மானியுங்கள்.

பார்க்கப் பழக்குதல்

ஆறு கிழமையில் இதற்குத்தான் அதிக நேரம் போக வேண்டும். நோர்வே ஆய்வாளர் கெயர் யோர்டெட் இங்கிலாந்து பிறீமியர் லீக் மத்தியகள வீரர்களைக் காணொளியில் ஆராய்ந்து, பந்து வருமுன் அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்களின் பந்துப் பரிமாற்றமே கூடுதலாக வெற்றி பெறுவதைக் காட்டியிருக்கிறார். முன்கள வீரருக்கு எதிரி முதுகுக்குப் பின்னால் நிற்பதால் தேவை இன்னும் கூட.

நான்கு பேர் வேண்டும். இருவர் நான்கு மீற்றர் இடைவெளியில் நின்று பந்தைத் தங்களுக்குள் மாற்றுவார்கள். அவர்களிலிருந்து 12 மீற்றரில் முன்கள வீரர். அவருக்குப் பின்னால் எட்டு மீற்றரில் நான்காமவர் விரல்களை உயர்த்திப் பிடிப்பார். பந்து அந்த இருவருக்குள் போய்க்கொண்டிருக்கும்போது முன்கள வீரர் திரும்பிப் பார்த்து எண்ணை உரத்துச் சொல்ல வேண்டும். இரட்டை எண் என்றால் பந்தை எடுத்துத் திரும்பி நான்காமவருக்குக் கொடுப்பது. ஒற்றை எண் என்றால் ஒரே தொடுகையில் வந்தவருக்கே கொடுப்பது. ஆளுக்கு ஆறு பந்து, பிறகு இடம் மாற்றம். மூன்று சுற்று ஒன்பது பத்து நிமிடத்தில் முடியும்.

எண்ணைச் சொல்ல வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. "பார், பார்" என்று கத்தினால் பொடியள் தலையை ஆட்டுவார்கள், ஆனால் எதையும் காணமாட்டார்கள். அடுத்த பிழை நேரம். பந்து கொடுப்பவர் உதைக்கும் கணத்தில் பின்னால் பார்த்தால் பந்தின் வேகமும் உயரமும் தவறிவிடும். பந்து வேறொருவரிடமிருந்து அவருக்குப் போகும்போது ஒரு பார்வை, தன்னை நோக்கிப் பந்து புறப்பட்ட உடனே, பாதி வழி வருமுன், முடிந்தால் இன்னொரு சின்னப் பார்வை. கடைசி மூன்று நான்கு மீற்றருக்குக் கண் பந்தில் இருக்க வேண்டும்.

மூன்றாம் நாளிலிருந்து நான்காமவரைப் பின்கள வீரராக்குங்கள். அவர் விருப்பப்படி ஒட்டியும் வருவார், விட்டும் நிற்பார். விரல் எண்ணிக்கைக்குப் பதில் இப்போது அவர் நிற்கும் தூரமே கேள்வி. ஒரு கை நீளத்துக்குள் இருந்தால் திரும்பக் கூடாது; இரண்டு மீற்றருக்கு மேல் இருந்தால் திரும்பாமல் இருக்கக் கூடாது.

நிற்கும் விதமும் முதல் தொடுகையும்

எதிரி விட்டு நின்றால் பக்கவாட்டில் நின்று, பந்து வரும் திசைக்குத் தூரமான காலால் எடுக்க வேண்டும். கிட்டக் காலால் எடுத்தால் உடல் பந்துக்கும் கோலுக்கும் நடுவில் பூட்டிக்கொள்ளும், திரும்ப இன்னும் இரண்டு தொடுகை தேவைப்படும். எதிரி ஒட்டி நின்றால் வேறு கணக்கு: இடுப்பைத் தாழ்த்தி, தோளை அவர் மார்புப் பக்கம் வைத்து, அவருக்கு எட்டாத காலில் பந்து. கையை விரித்து அவர் எங்கே நிற்கிறார் என்று உணரலாம். பிடித்தாலோ தள்ளினாலோ மத்தியஸ்தர் ஊதுவார்.

தொடுகைக்கு மூன்று வாசல் பயிற்சி போதும். முன்கள வீரரைச் சுற்றி இடது, வலது, பின்புறம் என்று ஒன்றரை மீற்றர் அகலத்தில் கோன்களால் மூன்று வாசல். 10 மீற்றரிலிருந்து பந்து வரும். பந்து பாதி வழி வரும்போது பயிற்றுவிப்பாளர் வாசலைச் சொல்வார். முதல் தொடுகையிலேயே பந்து அந்த வாசலால் போக வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் எட்டுப் பந்து, இரண்டு தடவை. பந்து காலிலிருந்து ஒரு மீற்றர் அளவில் போய் நிற்பது சரி. இரண்டு மீற்றரைத் தாண்டினால் எதிரியின் பந்து.

பந்து மேலே துள்ளுகிறதா, பாதம் பந்தின் அடிப்பக்கத்தில் படுகிறது. பந்தின் நடுவுக்குச் சற்று மேலே பாதத்தின் உட்பக்கம் பட வேண்டும். பந்து காலுக்கு அடியால் நழுவுகிறதா, காலை அதிகம் தூக்கியிருக்கிறார். பந்து காலில் பட்டு எதிர்த்து ஓடுகிறதா, முழங்கால் விறைத்திருக்கிறது. பட்ட கணத்தில் கால் கொஞ்சம் பின்வாங்க வேண்டும். இந்த மூன்றையும் ஒருவருக்கு ஒரே நாளில் சொல்லாதீர்கள். ஒரு நாளுக்கு ஒரு திருத்தம்.

ஓட்டம்

சிறு மைதானத்தில் ஏழு பேர், ஒன்பது பேர் ஆட்டங்கள் ஆடி வளர்ந்தவர்கள் கோல்காப்பாளருக்குக் கிட்டவே நின்று பந்தை எதிர்பார்ப்பார்கள். பதினொரு பேர் ஆட்டத்தில் அந்தப் பழக்கம் ஓவ்சைட்டில், அதாவது எதிரணியின் கடைசிக்கு முந்திய ஆளையும் தாண்டி நின்று பந்து வாங்கும் குற்றத்தில், முடியும். ஓவ்சைட் பார்ப்பது சக வீரர் பந்தைத் தொடும் கணத்தில். பந்து வந்து சேரும் நேரத்தில் அல்ல. ஆகவே நேர்கோட்டில் முன்னோக்கி ஓடுபவர் அரை செக்கன் முந்தினாலே போச்சு. பின்கள வரிசைக்கு இணையாக மூன்று நான்கு மீற்றர் ஓடிவிட்டு, பந்து கொடுப்பவர் தன் காலிலிருந்து பந்தைச் சற்றுத் தள்ளித் தலையைத் தூக்கும்போது வளைந்து உள்ளே போகச் சொல்லுங்கள். எல்லைக் கோட்டு எறிதல், கோல் உதை, மூலை உதை ஆகியவற்றிலிருந்து நேரடியாக வரும் பந்துக்கு ஓவ்சைட் இல்லை. எறிதலின்போது பின்களத்துக்குப் பின்னால் போய் நிற்கும் முன்கள வீரரை எங்கள் ஆட்டங்களில் காண்பது அரிது, பழக்கினால் உடனே பயன் தெரியும்.

இருவர் முன்களத்தில் ஆடினால் ஒருவர் இறங்கி வரும்போது மற்றவர் முன்னே போக வேண்டும். இருவரும் ஒன்றாகப் பந்து கேட்டு இறங்குவதுதான் அதிகம் நடக்கும் பிழை. எதிரணியின் பின்களம் அப்படியே மேலேறி வந்து அமுக்கிவிடும்.

பந்து கொடுப்பவர்களும் கூடவே

மூன்றாம் கிழமையிலிருந்து மத்தியகள வீரர் இருவரையாவது உங்கள் 20 நிமிடத்துக்குள் கொண்டுவாருங்கள். முன்கள வீரர் சரியாக நின்றாலும் பந்து அவருடைய கிட்டக் காலுக்கு வந்தால் எல்லாம் வீண். எந்தக் காலுக்கு, எவ்வளவு வேகம் என்பதுதான் கொடுப்பவர் சொல்லும் செய்தி: தூரக் காலுக்கு வந்தால் திரும்பலாம், கிட்டக் காலுக்கு வேகமாக வந்தால் பின்னால் ஆள், திருப்பிக் கொடு. இதோடு மூன்று சொல் போதும்: "திரும்பு", "ஆள்", "ஒண்டு". கடைசிச் சொல்லுக்கு ஒரே தொடுகையில் கொடு என்று பொருள். "விடு, விடு" என்று கத்தும் பழக்கத்தை நிறுத்துங்கள். எதிரியைக் குழப்பக் கத்தியதாக மத்தியஸ்தர் கருதினால் மஞ்சள் அட்டையோடு எதிரணிக்கு மறைமுகச் சுயாதீன உதை (நேரே கோலாக்க முடியாத உதை) போகும். விடச் சொல்ல வேண்டுமென்றால் பெயரைச் சொல்லி அழையுங்கள்.

பிறகு 30க்கு 25 மீற்றர் கட்டத்தில் நான்குக்கு நான்கு ஆட்டம், ஒவ்வொரு பக்கத்திலும் ஒருவர் முன்கள வீரர். அவர் எடுத்துத் திரும்பினால் ஒரு புள்ளி. ஆள் ஒட்டி நிற்கும்போது ஒரே தொடுகையில் கொடுத்து, அதே ஆட்டத்தொடரில் மறுபடி பெற்றாலும் ஒரு புள்ளி. திரும்புவதற்கு மட்டும் புள்ளி கொடுத்தால் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்குள் திரும்புவார்கள்.

ஆட்களைக் கையாளுதல்

ஊரில் பெயரெடுத்த மூத்த முன்கள வீரர் ஒருவர் எந்த அணியிலும் இருப்பார். இளையவர்கள் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். அவரை மற்றவர்களுக்கு முன்னால் திருத்தினால் அவரையும் இழப்பீர்கள், அவரைப் பார்த்து ஆடும் நாலு பொடியளையும் இழப்பீர்கள். தாளைத் தனியாகக் காட்டுங்கள். பிறகு விரல் எண்ணும் பயிற்சியில் அவரையே முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் செய்தால் மற்றவர்கள் கேள்வியில்லாமல் செய்வார்கள்.

கரையோரக் கழகம் என்றால் பயிற்சி தொடங்குமுன் இரவு தொழிலுக்குப் போய் வந்தவர்கள் யார் என்று கேளுங்கள். நித்திரை இல்லாமல் வலை இழுத்துவிட்டு வந்தவரை வேக ஓட்டம் ஓட வைத்தால் பின்தொடை பிடித்துக்கொள்ளும். அவருக்கு அன்று பார்க்கும் பயிற்சியும் வாசல் பயிற்சியும் போதும். நவம்பரில் ஆறு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். பந்தைக் கண்ணால் பின்தொடரும் வேலையை வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே முடித்துவிட்டு, ஓட்டங்களைக் கடைசிக்கு விடாமல் நடுவில் வையுங்கள்.

இரண்டாம் மூன்றாம் கிழமையில் ஆட்டம் முன்பைவிட மோசமாகத் தெரியலாம். பழக்கமாகச் செய்ததை இப்போது யோசித்துச் செய்கிறார்கள், அதனால் பிந்துகிறார்கள். அந்த நேரத்தில் கழகத்தில் பேச்சு எழும். பயிற்சியை மாற்றாமல், தலைமைப் பயிற்றுவிப்பாளரிடம் தாளைக் காட்டி நிலைமையைச் சொல்லுங்கள்.

ஆறாம் கிழமை

முதல் கிழமையில் எழுதிய அதே நான்கு குறிகளை, அதே வீரர்களுக்கு, மறுபடி எழுதுங்கள். கோல் எண்ணிக்கையை வைத்து ஆறு கிழமையில் எதையும் சொல்ல முடியாது. எதிரணியும் நிலமும் காற்றும் அதில் கலந்திருக்கும். முதல் தொடுகையில் இழந்த பந்துகள் குறைந்தனவா, எடுத்த பின் கோலைப் பார்த்து நின்ற தடவைகள் கூடினவா என்று பாருங்கள். பார்வை கூடியும் இழப்பு குறையாவிட்டால் குறை தொடுகையில். வாசல் பயிற்சியை இன்னும் மூன்று கிழமை நீட்டுங்கள். தொடுகை திருந்தியும் திரும்பாமலே இருந்தால் பந்து கொடுப்பவர்களின் வேகத்தைப் பாருங்கள்.

இரண்டும் திருந்தியிருந்தால் இனி உதைக்கும் பயிற்சியைத் தொடங்கலாம். பந்தை நிறுத்தி வைத்து உதைப்பது வேண்டாம். கோலிலிருந்து 14 மீற்றரில் பக்கவாட்டில் நின்று, பக்கத்திலிருந்து வரும் பந்தை எடுத்து, இரண்டாவது தொடுகையிலேயே உதை. பின்னால் இரண்டு மீற்றரில் ஒரு பின்கள வீரர், கோலில் கட்டாயம் கோல்காப்பாளர். ஒவ்வொரு காலுக்கும் ஆறு பந்து, பந்துக்குப் பந்து அரை நிமிட ஓய்வு. உதை கோல்கம்பத்துக்கு மேலால் போய்க்கொண்டே இருந்தால் உதையைத் திருத்துமுன் முதல் தொடுகையைப் பாருங்கள். பந்து உடலுக்கு அடியிலேயே தங்கியிருக்கும், அல்லது இன்னும் துள்ளிக்கொண்டிருக்கும்.